ஒரு கோப்பை மல்லிக் குடிநீரும் இங்கிலாந்தின் டென்னிசும்

கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த வைக்கோல் தொப்பி எழும்பிவிட்டது. அதைப் பார்த்து அரங்கமே எழும்பிவிட்டது.

நானும் எழும்பினேன், கத்தினேன். யாரோ சிந்திய பியர் என் சப்பாத்துக்குள் இறங்கியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. கீழே களத்தின் நடுவில், எங்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒரு கிழமையாகப் படுத்தெழும்பும் பையன் கெவின் மட்டையை நழுவவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். வயது இருபது. வலைக்கு அந்தப் பக்கம் நின்றவரோ ஊருலகம் அறிந்த ஆட்டக்காரர். தன் மகன் அவரை வெல்வான் என்று அன்று காலை கெவினின் தாயே நம்பியிருக்கமாட்டார்.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். இங்கிலாந்திலிருந்து இங்கே குடிவந்து பல காலமாம். எங்கள் நாட்டுக்கும் ஒரு பையன் வந்துவிட்டான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அவன் தங்கியிருப்பது என் வீட்டில்தான் என்று நான் சொன்னதும் என் கையை எடுத்து முத்தமிட்டார். அந்த நிமிடம் ஆக்லாந்திலேயே என்னைவிடச் சந்தோஷமான மனிதன் கிடையாது.

பிறகு களத்தின் ஓரத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் தோன்றினார். கெவினின் முதுகில் தட்டி, காதில் ஏதோ சொல்லி, அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். யார் அவர் என்று கேட்டேன்.

“ஊக்கமருந்துப் பரிசோதனை,” என்றார் பெண்மணி, பெருமை பொங்க. “முக்கியமான ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள்.”

அரங்கம் முழுவதும் நின்றபடி கைதட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மெல்ல உட்கார்ந்தேன். அன்று காலை என் மனைவி அவனுக்குக் குடிக்கக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

அறை ஒன்று சும்மா கிடந்தது

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, கார் ஓட்டப் பழகிய கதையைப் படித்த வாசகர் ஒருவர், உங்களுக்குப் பயப்படாமல் ஒரு காரியமும் செய்யத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். தெரியாது. நகர மையத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்று நாள் முழுக்க யோசிப்பதற்குச் சம்பளம். எனக்கு அது வேலை மாதிரியே இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் வதனியும் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் தங்களுக்குள் கதைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பிறக்காத காலம். அறை ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் வினை.

என்னோடு வேலை செய்த ஹெதர் ஒவ்வொரு ஜனவரியும் டென்னிஸ் போட்டியில் தொண்டுவேலைக்குப் போவாள். வெளிநாட்டிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது இந்த நாட்டு வழக்கம். பில்லெட் என்பார்கள். அந்த வருஷம் கடைசி நேரத்தில் ஒரு வீட்டுக்காரர் பின்வாங்கிவிட்டார். ஹெதர் என் மேசைக்கு வந்து, உன் வீட்டில் அறை இருக்கிறதுதானே என்றாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெருமகிழ்ச்சி என்று வந்தது.

இப்படித்தான் கெவின் வந்தான். உண்மைப் பெயர் அதுவல்ல. உண்மைப் பெயரைச் சொன்னால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் கெவின் என்றே வைத்துக்கொள்வோம். ஆள் அப்படி ஓர் உயரம். கட்டிலுக்கு வெளியே நீண்ட கால்களைத் தாங்க, எங்கள் பெரிய சூட்கேசைக் கால்மாட்டில் வைத்து அதன்மேல் தலையணை போட்டேன். வெள்ளைக்காரப் பிள்ளையின் மூக்கைக் காப்பாற்ற மூன்று நாள் வதனியை மிளகாய் வறுக்க விடவில்லை. கதவு நிலையில் அவன் தலை இடித்துப் போட்டியே நின்றுவிடுமோ என்று பயந்து, நிலைக்கு மேலே ஒரு சிவப்புத் துணியும் கட்டினேன். அவன் அதை ஏதோ சமயச் சடங்கு என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் குனிந்து போய்வந்தான்.

வதனிக்கு வேறு கவலை. விருந்தாளி சாப்பிடவில்லை. அவன் தானே ஒரு சட்டியில் மக்கரோனி அவித்து, தக்காளிச் சோஸ் ஊற்றித் தின்றுவிட்டு, சட்டியையும் கழுவி வைத்துவிடுவான். “இது சாப்பாடே? நோயாளிக்குக் குடுக்கிறதெல்லோ,” என்று அவள் என்னிடம் முறைப்பட்டாள். ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறான், அவனுக்கு ஒரு வாய் கொடுக்க வழியில்லை. ஒரு கிழமையாக அவள் கை துருதுருத்துக்கொண்டே இருந்தது.

தகுதிச் சுற்றில் வென்றான். முதல் சுற்றிலும் வென்றான். இரண்டாவதிலும் வென்றான். காலிறுதிக்கு முதல் நாள் இருமத் தொடங்கினான்.

மருந்து வேறு, குடிநீர் வேறு

பார்மசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தடிமனுக்குக் குளிசை எடுத்துத் தந்தார்கள். கெவின் வாங்க மறுத்துவிட்டான். கடையில் விற்கும் சாதாரணக் குளிசையில்கூடத் தடைசெய்த சரக்கு இருக்கலாமாம். தெரியாமல் விழுங்கினாலும் பிடிபட்டால் ஆளை விளையாட்டிலிருந்தே விலக்கிவிடுவார்களாம். ஆகவே தனக்கு மருந்தே வேண்டாம் என்றான்.

இதை நான் வதனியிடம் விளக்கமாகச் சொன்னேன். அவளும் விளக்கமாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை எழும்பி வந்தால், குசினி முழுக்க மல்லி வாசம். கெவின் மேசையில் இருந்து, ஆவி பறக்கும் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மூக்கு நுனியில் வேர்வை. நல்ல தேநீர் என்றான்.

நான் வதனியைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து வேண்டாம் என்றானல்லவா என்று கேட்டேன்.

“மருந்து ஆர் குடுத்தது? குடிநீர்தானே,” என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் ஆட்களுக்குத் தடிமனுக்கு மல்லிக் குடிநீர் கொடுப்பது மருந்து கொடுப்பதில் சேராது. மழைக்குக் குடை கொடுப்பது மாதிரி. நானும் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன், ஆட்டம் பின்நேரம்தான்.

அந்தத் தூள் வந்த கதையைச் சொல்லவேண்டும். வதனியின் தாய்மாமன் யாழ்ப்பாணத்தில் பரம்பரை வைத்தியர். மல்லியோடு வன்னிக் காட்டிலிருந்து வரும் வேர்களும் சேர்த்து இடிக்கும் அவருடைய தூளுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். எந்த வேர், எத்தனை வேர் என்று மனைவிக்கும் சொன்னதில்லை. ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் மருமகளுக்கென்று ஒரு பை தந்துவிட்டிருந்தார். பை கொண்டுவந்தவரைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போன நான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி பையைப் பிரித்து மணப்பதைப் பார்த்து வியர்த்துக் கொட்டினேன். இந்த நாட்டில் ஒரு மாம்பழத்தையே குற்றவாளிபோல நடத்துவார்கள். அதிகாரி நாலு தரம் தும்மினார். கண்ணீர் வழிய, கொண்டுபோ என்று கைகாட்டினார்.

இங்கிலாந்தின் நம்பிக்கை நட்சத்திரத்தின் வயிற்றில் இப்போது கிடந்தது அந்தத் தூள்தான்.

வெள்ளைக்காரனுக்கு எதிரான என் போராட்டம்

பரிசோதனை முடிந்து கெவின் சிரித்துக்கொண்டே காரில் ஏறினான். வழியெல்லாம் பேசினான். நான் வழியெல்லாம் நேராகப் பார்த்தேன். வெள்ளைக்காரன் எங்களை நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டான். படித்தவர்கள் மேடை போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், மறியலுக்குப் போனார்கள். கடைசியில் அவனுடைய டென்னிசை ஒரே கோப்பையில் முடித்தவன் நான். இப்படியெல்லாம் ஓடியது புத்தி.

வீட்டு வாசலில் நண்பர் சேகர் நின்றார். மதுரைக்காரர், பிளாக்ஹவுஸ் பேயில் வீடு, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. செய்தி கேட்டுக் கேக் வாங்கி வந்திருந்தார். அவரைக் கராஜுக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். சிறுநீர் சோதிப்பதுதானே அவர் தொழில், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார் என்ற நப்பாசை.

“கசாயமாண்ணே? அதுல என்ன வேர் இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?”

தெரியாது என்றேன்.

“அப்ப மிஷினுக்கும் தெரியாதுண்ணே. அது பாட்டுக்கு ஏதாச்சும் காட்டும்,” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கேக் சாப்பிடுங்க,” என்றார்.

உள்ளே தொலைபேசி அடித்தது. லண்டனில் அப்போது விடிகாலையாம், காலை வானொலியிலிருந்து ஒருவர். இப்படி ஒரு பையனுக்காக நாடு எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது, அவன் வயதில் இன்னும் சில பையன்களும் மேலே வருகிறார்கள், நல்ல காலம் பிறந்துவிட்டது என்றெல்லாம் சொன்னார். கெவின் குளித்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை, வீட்டுக்காரர்தானே, நீங்களே சொல்லுங்கள்: காலையில் என்ன சாப்பிட்டான்?

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். லண்டனின் முகத்தில் அடித்தமாதிரி.

சொல்லுவதா விடுவதா

வதனி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் என்னைப்போல அவள் கராஜுக்கும் வாசலுக்கும் நடக்கவில்லை.

“இப்பவே சொல்லுங்கோ,” என்றாள்.

நாளைக்கு அரையிறுதி, இன்றிரவு அவன் நித்திரை கொள்ளவேண்டும், முடிவு வர எப்படியும் சில கிழமை ஆகும், அதற்குள் ஆண்டவன் ஏதாவது செய்வான் என்று நான் கணக்குக் காட்டினேன். பால் முடிந்துவிட்டது என்று சொல்லி, டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடைக்குப் போனேன். வரும்போது பாணோடு வந்தேன், பால் வாங்கவில்லை. குளிர்ப்பெட்டியில் பால் இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். முதல் நாள் பெய்த மழையில் தோட்டம் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது.

கடைசியில் வதனி யன்னலைத் திறந்து, “நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். என்ர இங்கிலீசில சொன்னால் அவன் இன்னும் பயந்துபோவான்,” என்றாள்.

இரண்டு பேருமாக அவன் முன்னால் போய் நின்றோம். நான் அவையடக்கம், முன்னுரை எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. காலையில் குடித்தது தேநீர் அல்ல, அதில் வேர் இருக்கிறது, என்ன வேர் என்று எங்களுக்குத் தெரியாது.

கெவின் மக்கரோனிக் கரண்டியை வைத்தான். அவன் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, பிறகு அப்படியே வடிந்ததைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. அவன் எங்களைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தான். எட்டு வயதிலிருந்து இதைத்தான் செய்கிறேன் என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகு தூள் பையைக் கேட்டு வாங்கினான். கார்த் திறப்பை எடுக்கச் சொன்னான். “என்ன குடித்தேன் என்று தெரியாமல் நாளைக்கு இறங்கமாட்டேன்.”

மாமாவின் தூள்

அரங்கில் மாலை ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. போட்டியின் மருத்துவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண், எங்களை உட்காரச் சொன்னார். நான் என்னைக் கைதுசெய்ய வசதியாகக் கதவோரம் நின்றேன். கெவின்தான் பேசினான். அவன் சொன்ன முதல் வார்த்தையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

“எனக்குச் சுகமில்லாமல் இருந்தது. இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டார்கள்.” அதற்குப் பிறகுதான் தூளைப் பற்றிச் சொன்னான்.

மருத்துவர் பையை மணந்தார். மல்லி, சுக்கு, மற்றதெல்லாம்? அந்த மற்றதெல்லாம் தெரிந்தால் இப்போதே பதில் சொல்லமுடியும், தெரியாவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும் என்றார். அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். மாமா அப்போது இடம்பெயர்ந்து கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். மருத்துவரின் மேசைத் தொலைபேசியில் வதனி எண்ணைச் சுழற்றினாள்.

மாமா தொலைபேசிக் கம்பியை நம்பாதவர். குரல் கொழும்பிலிருந்து நேராகவே வந்து சேரவேண்டும் என்பதுபோலக் கத்துவார். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“மாமா, நீங்கள் தந்துவிட்ட தூளுக்குள்ள என்னென்ன போட்டனீங்கள்?”

“ஏன் பிள்ளை, ஆருக்கும் ஏதும் செய்துபோட்டுதோ?”

“இல்லை மாமா. தெரியவேணும்.”

“அது எங்கட அப்பான்ர முறை. போனில கதைக்கிற விசயமில்லை. பக்கத்தில மருந்துக் கொம்பனிக்காரர் ஆரும் நிக்கினமோ?”

வதனி மருத்துவரைப் பார்த்தாள். கெவினைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு பொடியன் நிக்கிறான் மாமா. இருபது வயசு. இருமினவன், உங்கட தூளைக் குடுத்தனான். அதுக்குள்ள கூடாதது ஏதும் இருந்தால் அவன்ர விளையாட்டு இதோட முடிஞ்சுது. என்னை நம்பித்தான் குடிச்சவன்.”

கொழும்பில் கோப்பைகள் தட்டுப்படும் சத்தமும், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவதும் மட்டும் கேட்டது. பிறகு மாமா பேசினார். ஆனால் அந்தப் பெரிய குரல் போய்விட்டது. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வதனியின் முகம்தான் தெரிந்தது. ஓம் மாமா, ஓம் மாமா என்றாள். அதில என்ன மாமா, பரவாயில்லை என்றாள். ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை எடுக்காமலே நின்றாள்.

“மல்லியும் சுக்கும்தான்,” என்று மருத்துவரிடம் சொன்னாள். “வேறு ஒன்றுமே இல்லை.”

நிச்சயமா என்று கேட்டார் அவர்.

“உண்மையாக இல்லாவிட்டால் அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.”

மருத்துவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். மேலே கேட்கவில்லை. மல்லியும் இஞ்சியும் குடித்தவனை விலக்குவதென்றால் உலகத்தில் பாதிப்பேர் விளையாட முடியாது, போய்ப் படு என்று கெவினிடம் சொன்னார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவருக்கு இன்னொரு நோயாளி கிடைத்திருப்பான்.

திரும்பும் வழியில், காரில், வதனி எங்கள் இருவருக்குமாக ஆங்கிலத்திலேயே சொன்னாள். யுத்தத்தில் பாதைகள் மூடிக் கிடந்த காலத்தில் வன்னியிலிருந்து வேர் வருவது நின்றுவிட்டது. ஆட்கள் இருமலோடு வருவது நிற்கவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மாமாவுக்கு மனம் வரவில்லை. கடையில் கிடைத்ததை அதே உரலில் இடித்துக் கொடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சுகம் வந்துவிட்டது என்று வந்து சொன்னவர்களிடமும் சொல்லவில்லை.

பின் சீட்டில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்த கெவின் முன்னால் சாய்ந்தான்.

“அவருக்கு என்னைத் தெரியாதே,” என்றான். “எனக்காக ஏன் சொன்னார்?”

“நீ இருமினாய்,” என்றாள் வதனி.

இன்னொரு பை

மறுநாள் அரையிறுதியில் கெவின் மூன்று செட்டில் தோற்றான். நன்றாக விளையாடித் தோற்றான். அரங்கம் மறுபடி எழும்பி நின்றது, இந்த முறை நான் உட்காரவில்லை. வைக்கோல் தொப்பியும் நானும் சேர்ந்து கத்தினோம். அவனுடைய நாட்டுப் பத்திரிகைகள் தோற்றவனைத்தான் முதல் பக்கத்தில் போட்டனவாம்.

பிறகு அவன் போன தூரம் பெரியது. பெரிய அரங்குகளில், அவனை அடுத்து வந்த பையன்களோடும் சேர்த்து, தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அன்று அந்த அறையில் அவன் எங்களைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். சுட்டிக்காட்டுவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. வந்து சில வருஷமே ஆன நாட்டில், எந்த நேரமும் யாராவது தோளில் தட்டி வெளியே போ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த என்னை, இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டார்கள் என்ற ஒரு வசனத்தால் வீட்டுக்காரனாக்கிவிட்டுப் போனான்.

சில கிழமை கழித்து ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்தான். முடிவு வந்துவிட்டது, ஒன்றுமில்லை. வதனியோடு கதைக்கவேண்டும் என்றான். மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னான்.

வதனி உடனே கொழும்புக்கு எடுத்தாள். மாமா வர நேரமாயிற்று. அந்த நாளுக்குப் பிறகு அவர் யாருடைய அழைப்புக்கும் சரியாக வருவதில்லை என்று லொட்ஜ்காரர் சொன்னார். கடைசியில் வந்து, மெல்லிய குரலில், சொல்லு பிள்ளை என்றார்.

“மாமா, பொடியன் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவன். தூள் முடியப்போகுது. இன்னொரு பை தந்துவிடுங்கோ.”

கொழும்பிலிருந்து நேராகவே வருவதுபோல அந்தப் பெரிய குரல் வந்தது.

“இஞ்ச கொழும்பில இப்ப எல்லா வேரும் வாங்கலாம் பிள்ளை. வேர் போட்டு இடிக்கவோ, போடாமல் இடிக்கவோ?”

வதனி என்னைப் பார்த்தாள்.

“போனமுறை தந்த மாதிரியே தாங்கோ மாமா,” என்றாள்.